உதவியாளருக்கு இதில் பங்கு இல்லை

அனுப்புநர் என்று போட்டுக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. இ. சொரிமுத்து. முன்னால் 'திரு' வேண்டாம். அனுப்புகிறவன் தனக்குத்தானே திரு போட்டுக்கொள்வது நன்றாக இருக்காது. நூலக உதவியாளர், சட்டக் கல்லூரி. எந்த ஊர்க் கல்லூரி என்று இந்தத் தாளில் இருக்கிறது, பார்த்து அடியுங்கள். பெறுநர், எங்கள் கல்லூரிக்கு மேலே இருக்கிற இந்த ஆபீஸின் உயர் அதிகாரி. பதவி மட்டும் போதும். பெயர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறது.

பொருள்: விசாரணைப் பதிவைத் திருத்தக் கோருதல். ஆமாம், அவ்வளவுதான். சின்னதாகத்தான் இருக்கும்.

நான் பேசுகிறவன் இல்லை. இந்த மதிலோரம் டைப் அடிக்கிறவர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏழு பேரையும் இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டு வந்தேன். நீங்கள் யாரிடமோ 'இருங்க அண்ணாச்சி, வாரேன்' என்றீர்கள். நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்தது. இல்லாவிட்டால் அடுத்த ரயிலுக்கே திரும்பியிருப்பேன். மனு கொடுக்க வேண்டும் என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரிட்டயராக இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கிறது. அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தவன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பொருள் தெரியாது. அதனால் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், நீங்கள் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த நூலகத்தில் முப்பத்தொரு வருஷம். சட்டப் புத்தகம் மற்றப் புத்தகம் மாதிரி கிடையாது. அச்சடித்து அலமாரியில் வைத்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லும். இருபது வருஷம் கழித்துப் பெரிய கோர்ட் அது செல்லாது என்று சொல்லிவிடும். புத்தகம் அப்படியேதான் இருக்கும். உள்ளே இருக்கிற தீர்ப்பு செத்துப்போயிருக்கும். எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அதற்காகத்தான் சீட்டு ஒட்டுவது. எந்தத் தீர்ப்பு எப்போது செல்லாமல் போனது என்று நூலகர் சிவப்பு மையில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். நான் அந்தத் தீர்ப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுவேன்.

ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. மைதாப் பசைதான், பூச்சி வராமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவேன். சீட்டின் மேல் விளிம்பில் மட்டும்தான் பசை தடவ வேண்டும். விரலால் தூக்கினால் கீழே இருக்கிற அச்சு தெரிய வேண்டும். முழுக்க ஒட்டிவிட்டால் எட்டு வரி போய்விடும். இதுவரை ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு சீட்டு ஒட்டியிருக்கிறேன். என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. இதெல்லாம் மனுவில் வேண்டாம். நீங்கள் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

தங்கபுஷ்பம் மேடம் நூலகராக வந்தது பதினாறு வருஷத்துக்கு முன்னால். சத்தமாகப் பேச மாட்டார். எனக்கும் சத்தம் வராது. காலையில் பத்து மணிக்கு ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் பத்து வார்த்தை பேசியிருப்போம். பத்து என்று கணக்காகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தொகுப்பு வேலை தொடங்கியது. எங்கள் பேராசிரியர் சங்கரபாகம் சார் தொடங்கிவைத்தது. இப்போது பிள்ளைகள் கடையில் கைடு வாங்கிப் படித்துவிட்டு, ஒரு தீர்ப்பைக்கூட முழுசாகப் பார்க்காமல் கறுப்புக் கோட்டு மாட்டிவிடுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். ஒரு பாடத்துக்கு முப்பது நாற்பது தீர்ப்பைத் தேர்ந்தெடுத்து, சுருக்கம் எதுவும் போடாமல், தீர்ப்பை முழுசாகக் கொடுத்துப் பிள்ளைகளை வாசிக்கவைக்க வேண்டும் என்றார். அவர் பட்டியல் கொடுப்பார். மேடம் அது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தேடிக் குறித்துக் கொடுப்பார். புத்தகத்தை இறக்குவது, ஜெராக்ஸ் எடுப்பது, வரிசையாக அடுக்குவது, எண் முத்திரை குத்துவது, எண்ணிச் சரிபார்ப்பது, பிரஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பது, இதெல்லாம் நான். பிரஸ்ஸில் இருநூற்று நாற்பது பிரதி போடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு தொகுப்பு. பதினான்கு வருஷத்தில் இருபத்தெட்டு. இது மனுவில் வேண்டும். இருபத்தெட்டு என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டுவிடுங்கள்.

முதல் தொகுப்பில் ஒரு தப்பு நடந்தது. நான் மறைக்கவில்லை. சீட்டு ஒட்டியிருந்த ஒரு பக்கத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். சீட்டுக்கு அடியில் இருந்த எட்டு வரி வரவில்லை. சங்கரபாகம் சார் வகுப்பிலிருந்து நேராகக் கிளம்பி நூலகத்துக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் நாற்பது பேர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். தொகுப்பை என் மேசையில் போட்டு, "சொரிமுத்து, இந்த எட்டு வரியை வகுப்புல வந்து நீரு பாடுதீரா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தன. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் மேடம் ஒரு ஏற்பாடு சொன்னார். சீட்டு ஒட்டின பக்கம் வந்தால் இரண்டு நகல் எடுக்க வேண்டும். சீட்டை மூடி ஒன்று, சீட்டைத் தூக்கி ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். பதின்மூன்று வருஷம் அப்படியே செய்தேன். தூக்கின சீட்டைப் பிடிக்க ஒரு மரஸ்கேலைப் பாதியாக வெட்டி வைத்திருந்தேன். விரல் நிழல்கூடத் தாளில் விழாது.

இப்போது இருபத்தெட்டாவது தொகுப்புக்கு வருகிறேன். போன வருஷம் ஆடி மாதம். அதற்கு முன்னால் எல்லாம், நான் அடுக்கி எண் போட்ட பிறகுதான் பொருளடக்கம் தயாராகும். போன வருஷம் சாருக்கு அவசரம். புத்தகங்களில் இருக்கிற பக்கத்தைக் கூட்டிப் பார்த்து அவரே பொருளடக்கம் எழுதி, அதை முதலில் பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டார். இருநூற்று நாற்பது பிரதி அச்சாகி வந்துவிட்டது. கடைசிப் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது. மேடம் மகள் பிரசவத்துக்கு ஒன்பது நாள் லீவு. சார் என்னிடம் வந்து, "நாளைக்குச் சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகணும், பக்கம் ஒண்ணுகூட முன்னப்பின்ன இருக்கக் கூடாது, என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அடுக்கி எண்ணினேன். நானூற்றுப் பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். எச்சில் தொட்டு எண்ண மாட்டேன், அது தாளுக்கு ஆகாது. ஈரப் பஞ்சு வைத்து எண்ணினேன். நான்கு தடவை எண்ணினேன். நான்கு தடவையும் நானூற்றுப் பதின்மூன்று. மத்தியானத்திலிருந்து தேடினேன். ஒவ்வொரு தாளையும் புத்தகத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கண்டுபிடித்தேன். இருநூற்றேழாவது இடத்தில் ஒரே பக்கம் இரண்டு தடவை இருந்தது. ஒரு வாடகை வீட்டு வழக்கு. அந்தத் தொகுப்பிலேயே சீட்டு ஒட்டின தீர்ப்பு அது ஒன்றுதான். அது செல்லாத தீர்ப்பு என்று சாருக்கும் தெரியும். எழுதின நீதிபதி அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார், செத்துப்போனாலும் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும் என்று மேடத்திடம் சொல்லித்தான் சேர்த்தார்.

இரண்டில் ஒன்று போக வேண்டும். எது போக வேண்டும், நீங்களே சொல்லுங்கள். ஒன்றில் எட்டு வரி மறைந்திருக்கிறது. ஒன்றில் ஒரு எழுத்துக்கூட மறையவில்லை. நான் மறைந்ததை எடுத்துவிட்டேன். எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. பொருளடக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், கடைசித் தீர்ப்பு வரைக்கும் எண் ஒத்து வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. யாரும் இல்லை. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இதையும் மனுவில் சேருங்கள். வேறு ஆளாக இருந்தால் அந்த ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டான். அதற்காகத்தான் சொல்கிறேன்.

அந்தத் தாளை எறியவில்லை. ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாள் எதையும் நான் எறிய மாட்டேன். அறுபது சேர்ந்தால் ஓரத்தில் தைத்து மேடத்தின் மேசையில் வைப்பேன். அவர் குறிப்பு எழுதிக்கொள்வார்.

தை மாதம் பெரிய போட்டி ஒன்று நடந்தது. பிள்ளைகள் வக்கீல் மாதிரி நின்று வாதாடுவார்கள், நிஜ நீதிபதி ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்பார். எங்கள் கல்லூரிக்காக மாரிச்செல்வி என்று ஒரு பிள்ளை நின்றாள். மூன்றாம் வருஷம். தினமும் நூலகத்தில் கடைசியாக எழுந்து போகிற பிள்ளை, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். அவள் அந்த வாடகை வீட்டுத் தீர்ப்பைத்தான் ஆதாரமாகக் காட்டினாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தத் தீர்ப்பு நான் வக்கீலா பதிவு செஞ்ச வருஷமே செல்லாமப் போச்சேம்மா, உனக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாராம். அரங்கம் முழுக்கச் சிரித்திருக்கிறது. அந்தப் பிள்ளை தொகுப்பைத் தூக்கிக் காட்டி, எங்கள் கல்லூரியில் கொடுத்த பாடம் இது என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் அழுதிருக்கிறாள். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. அவள் அப்பா மனு கொடுத்தார். அவர் தறிக்காரர். என் மகளை ஊர் சிரிக்கவைத்தவர் யார் என்று கேட்டிருந்தார். அது நியாயமான கேள்விதான்.

விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று தாக்கீது வந்தது. சங்கரபாகம் சார் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்: பட்டியல் என்னுடையது, பக்கங்கள் நூலகத்தினுடையவை.

மேடம் அந்தப் புத்தகத்தை இறக்கச் சொன்னார். இறக்கினேன். பிரித்துப் பார்த்தார். சீட்டு இருந்தது. நான் ஒட்டினது, எங்கே போகும்? சீட்டைத் தூக்கிப் பார்த்தார், மூடிப் பார்த்தார். "சொரிமுத்து, ரெண்டு நகல் எடுத்தீங்கல்லா?" என்று கேட்டார். எடுத்தேன் மேடம் என்றேன். எடுத்ததை எடுத்தேன் என்றுதானே சொல்ல வேண்டும். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காமல் எதையும் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால், தன் மேசையில் உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். நான் தைத்துக் கொடுத்த நோட்டில்தான். ஒரு தாளைத் திருப்பினவர் அப்படியே எழுதுவதை நிறுத்திவிட்டார். அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை மெதுவாகக் கிழித்து, நான்காக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். அறுபது தாள் நோட்டு ஐம்பத்தொன்பதாகிவிட்டது. நடுவில் ஒன்றைக் கிழித்தால் தையல் தளர்ந்து அடுத்த தாளும் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நான் செய்தித்தாளை அடுக்கி முடித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பும்போது என் மேசைக்கு வந்து நின்றார். பதினாறு வருஷத்தில் அவர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வேண்டுமென்றால் கூப்பிடுவார். "சொரிமுத்து, இந்தத் தொகுப்புல நீங்க ஒண்ணும் செய்யலை. யார் கேட்டாலும் அதான். நீங்க ஒண்ணுமே செய்யலை," என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் அண்ணாச்சி.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி, முதல்வர், சங்கரபாகம் சார், மேடம். நான் கதவோரம் நின்றேன். மேடம் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். தீர்ப்புகளை நகல் எடுத்தது, அடுக்கியது, எண் போட்டது, சரிபார்த்தது எல்லாம் நூலகராகிய நான். உதவியாளர் கதவு திறப்பார், பூட்டுவார், தூசி தட்டுவார். உதவியாளருக்கு இதில் பங்கு இல்லை. இப்படியே வாசித்தார். ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை.

சங்கரபாகம் சாருக்குத் தெரியாதா? பதினான்கு வருஷம் என் கையால் வாங்கினவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, 'உதவியாளரும் ஒப்புக்கொண்டார்' என்று எழுதச் சொல்லிவிட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நின்றேன். நிற்பது ஒப்புக்கொள்வது ஆகுமா?

மேடத்துக்கு இரண்டு வருஷ இன்கிரிமென்ட் வெட்டு, பதவி உயர்வு நிறுத்தம், இடமாற்றம். புதிதாகத் தொடங்கின ஒரு கல்லூரிக்கு மாற்றினார்கள். அங்கே நூலகமே இன்னும் கட்டவில்லை. இரண்டு இரும்பு பீரோவில் புத்தகம் இருக்கிறதாம். எங்களிடம் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டவர். சாவியை ஒப்படைக்க வந்தபோது, "வாரேன் சொரிமுத்து," என்றார். நான் திரும்பவில்லை. சாவி பதினேழும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்துத் திரும்பினால் ஆள் இல்லை. ஆட்டோ போய்விட்டது.

அதிலிருந்து ஆபீஸில் என்னைப் பார்த்தாலே ஒரு பேச்சுத்தான். பிச்சையா என்று ஒரு கிளார்க். "வே, சொரிமுத்து, ஒண்ணுமே செய்யாம முப்பத்தோரு வருஷம் ஓட்டிட்டீரே, அந்த வித்தையை எங்களுக்கும் சொல்லிக்குடும்வே," என்பான். எல்லோரும் டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன செய்வது? பதிவில் அப்படித்தானே இருக்கிறது. இந்த வருஷம் தொகுப்பும் கிடையாது. பிள்ளைகளைக் கைடு வாங்கிப் படிக்கச் சொல்லிவிட்டார்கள். ஜெராக்ஸ் மிஷின்மேல் உறை போட்டு வைத்திருக்கிறேன். செல்லாத தீர்ப்புகளுக்கு யாரும் இப்போது சீட்டு எழுதுவதில்லை. பசை காய்ச்சி எட்டு மாதம் ஆகிறது.

அதனால்தான் மனு. மூன்று கோரிக்கை. ஒன்று, விசாரணைப் பதிவில் 'உதவியாளருக்குப் பங்கு இல்லை' என்பதை நீக்க வேண்டும். இரண்டு, இருபத்தெட்டுத் தொகுப்பும் நான் அடுக்கி எண்ணிச் சரிபார்த்தவை என்று என் பணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று, நூலகர் திருமதி தங்கபுஷ்பம் விசாரணையில் உண்மைக்கு மாறாகச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடித்து இப்படிக்கு போட்டுவிடுங்கள். தபால் பிரிவு நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள்.

ஏன் அண்ணாச்சி நிறுத்திவிட்டீர்கள்? கரண்ட் போய்விட்டதா?

எந்தத் தாள்? அந்த இருநூற்றேழா? சொன்னேனே. எட்டு வரி மறைந்த தாளை எடுத்தேன். ஆமாம், சீட்டு மூடியிருந்த தாள். சீட்டில் என்ன எழுதியிருந்ததா? செல்லாது என்றுதான் எழுதியிருக்கும். சிவப்பு மையில் மேடம் எழுதினது. ஜெராக்ஸில் கறுப்பாக விழும்.

ஆமாம். தொகுப்பில் செல்லாது என்று இருந்தது அந்த ஒரு தாளில்தான்.

அது புத்தகத்தில் இருக்கிறதே. சீட்டு புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து...

இல்லை. பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்காது. தொகுப்புத்தான் இருக்கும். ஆமாம்.

கிழித்து வைத்துக்கொண்டாரே, அந்தத் தாள்... அதுவாகத்தான் இருக்கும். நான் தைத்தபோது அதையும் வைத்துத்தான் தைத்திருப்பேன். ஆடி மாதத் தாள்கள்தான் அவை.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா?

நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். பதினேழு பி போடுவார்கள், பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு. எங்கள் கல்லூரியிலேயே ஒரு சூப்பரின்டென்டுக்குக் கடைசி நாள் மாலை மாட்டி, போட்டோ எடுத்து, நான்கு மணிக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுத்தார்கள். மாலையோடு வீட்டுக்குப் போனார். பென்ஷன் நின்று போய் ஆறு வருஷம் அலைந்தார். அதனால்தான் மேடம் அப்படி எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். எனக்கு அப்போது ரிட்டயராக ஒரு வருஷம்கூட இல்லையே.

நான் சாவி எண்ணிக்கொண்டிருந்தேன் அண்ணாச்சி. அவர் வாரேன் என்றபோது.

நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். பேசாமல் ஊருக்குப் போ, நாற்பத்தொரு நாள் வாயை மூடிக்கொண்டு இரு, அப்புறம் எழுதலாம் என்கிறீர்கள். அப்புறம் எழுதினால் யார் படிப்பார்கள்? ரிட்டயரான ஆள் ஏதோ புலம்புகிறான் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். மேடத்துக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. இரண்டு பீரோவை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் அவர் என்ன செய்வார்?

அந்தப் பிள்ளையின் அப்பா கேட்டாரே, யார் என்று. அவருக்கும் தப்பான பதில்தானே போயிருக்கிறது.

மனுவை நிறுத்த வேண்டாம். மூன்றாவது கோரிக்கையை மட்டும் எடுத்துவிடுங்கள். நூலகர் உண்மைக்கு மாறாகச் சொன்னார் என்கிற வரி. அழித்துவிட்டீர்களா? ஸ்கிரீனில் காட்டுங்கள். சரி.

இரண்டாவதும் வேண்டாம். பணிப் பதிவேட்டில் எழுதி இனி என்ன ஆகப்போகிறது.

அந்த இடத்தில் நான் சொல்வதை அப்படியே அடியுங்கள். இருபத்தெட்டாவது தொகுப்பில் நானூற்றுப் பதின்மூன்று தாள் இருந்தது. அதில் செல்லாத தீர்ப்பு என்று சீட்டு தெரிந்த ஒரு தாளை எடுத்தவன் நான். எடுத்த தேதி ஜூலை இருபத்திரண்டு. நூலகர் அன்று லீவில் இருந்தார். பதினெட்டிலிருந்து இருபத்தாறு வரை, ஒன்பது நாள். லீவுப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம், என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. பேராசிரியர் எடுக்கச் சொல்லவில்லை. எண்ணிக்கை முன்னப்பின்ன இருக்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னார். அதையும் போடுங்கள், அவர்மேலும் இல்லாததைச் சொல்லக் கூடாது.

தெரியாமல் செய்தேன் என்று சேர்க்கட்டுமா என்கிறீர்கள். வேண்டாம். ஆறாயிரம் சீட்டு ஒட்டினவன் தெரியாமல் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? செத்த தீர்ப்புக்குத்தான் சீட்டு என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு எண்ணிக்கைதான் பெரிதாக இருந்தது. அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று இந்த ஆபீஸுக்கு, ஒன்று கல்லூரிக்கு. இன்னொன்றில் பெறுநர் பகுதிக்குக் கீழே நகல் என்று போட்டு மேடம் பெயரை அடியுங்கள். அவருக்குத் 'திருமதி' போடுங்கள். அவர் பெயரைச் சரியாக அடித்திருக்கிறீர்களா? புஷ்பத்துக்கு 'ஷ்' வரும். ஆமாம்.

மணி மூன்றரை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு உதவி கேட்கலாமா, அண்ணாச்சி? மெஷினை யாரையாவது பத்து நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னோடு உள்ளே வர முடியுமா? நீங்கள் எதுவும் பேச வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும். அவர்கள் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, இதைச் செய்தது யார் என்று கேட்பார்கள். எனக்கு வாய் வராமல் போனால், இவர்தான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.